நெருப்புப் பொறியைப் பார்த்து டிரேடு எடுத்தவர்கள்

போன வாரம் ஒரு போன் வந்தது. என்னிடம் வெல்டர் டிரேடு படித்துவிட்டு, இப்போது அதே ஐ.டி.ஐ.யில் பயிற்சி அலுவலராக இருக்கும் பையன். பையன் என்ன பையன், அவனுக்கே காதோரம் நரைத்துவிட்டது. "சார், பசங்களுக்கு ஒரு வழிகாட்டி நிகழ்ச்சி வச்சிருக்கோம். நீங்க வந்து அரை மணி நேரம் பேசணும். 'வளரும் துறைகள், தேயும் துறைகள்'னு தலைப்பு. எதுல போனா வேலை நிக்கும், எதுல போனா நிக்காதுன்னு அனுபவத்த வச்சு சொல்லுங்க சார்" என்றான்.

எனக்கு வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது. அவன் மேல் தப்பில்லை, மேலே இருந்து தலைப்பு வந்திருக்கும். யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். அதன் பிறகு வீட்டுக்குள் நடந்துகொண்டே பேசிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. "யாரோட சண்டை?" என்று என் மனைவி கேட்டாள். யாரோடு என்று சொல்ல? அந்தத் தலைப்பைக் கேட்டாலே எனக்கு உடம்பு காந்துகிறது. மேடையில் பேசினால் கத்திவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

நான் வெல்டிங் கற்றது திருச்சியில். ஐ.டி.ஐ., அப்ரண்டிஸ், கொஞ்ச வருஷம் பாய்லர் வேலை, பிறகு அரசு வேலைக்குப் பரீட்சை. கண் எரிந்ததும் கை வெந்ததும் எல்லா வெல்டருக்கும் நடப்பதுதான், அதைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தொண்ணூற்றைந்தில் அரியலூர்ப் பக்கம் இன்ஸ்ட்ரக்டராக வந்து சேர்ந்தேன். அப்போதுதான் பெரம்பலூர் தனி மாவட்டமாகியிருந்தது. பிறகு அரியலூர் பிரிந்தது, மறுபடி சேர்ந்தது, மறுபடி பிரிந்தது. நான் இந்தப் பக்கத்திலேயே இருந்துகொண்டு மாவட்டத்தின் பெயரை மட்டும் மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருந்தேன்.

நான் சொல்லப்போகும் ஆலையின் பெயரையும் ஊரின் பெயரையும் எழுதவில்லை. சுண்ணாம்புக்கல் இருக்கிற பூமி, சிமெண்ட் ஆலை இங்கே ஒன்று இரண்டு இல்லை. நான் வேலையில் சேர்ந்த கொஞ்ச காலத்தில் ஒரு புது ஆலை கட்ட ஆரம்பித்தார்கள். பருத்தியும் சோளமும் விளைந்த கரிசல் காட்டை வளைத்துப் போட்டார்கள். நிலத்துக்குப் பணம் தந்தார்கள், அதோடு நிலம் கொடுத்த ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நிரந்தர வேலை என்று வாக்கும் தந்தார்கள். பணம் எங்கே போனதென்று ஊரில் பலருக்கும் ஞாபகமில்லை. வாக்கை மட்டும் எல்லோரும் ஞாபகம் வைத்திருந்தார்கள்.

அந்தப் பக்கம் பஸ்ஸில் போனால் சாயங்காலத்தில் ஜன்னலோரம் எல்லோருடைய தலையும் ஒரே பக்கம் திரும்பும். உயரத்தில், இரும்புச் சாரங்களுக்கு நடுவே, இங்கொன்றும் அங்கொன்றுமாக வெல்டிங் வெளிச்சம். பொறி கொட்டும். கீழே நூற்றுக்கணக்கில் ஆட்கள். பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள்: ஆலை என்றால் வெல்டிங், வெல்டிங் தெரிந்தால் ஆலையில் வேலை. இதில்தான் மொத்த ஜனமும் ஏமாந்தது. அவர்கள் பார்த்தது ஆலையை இல்லை, ஆலை கட்டுகிற வேலையை. வீடு கட்டும்போது கொத்தனார் காலையிலிருந்து ராத்திரி வரை நம் வீட்டில்தான் இருப்பார். பால் காய்ச்சிக் குடிவந்த பிறகு அவரை யாரும் கூடத்தில் படுக்கவைப்பதில்லை. சுண்ணாம்புக்கல்லைச் சுடும் சூளை எரிய ஆரம்பித்துவிட்டால் ஒரு சிமெண்ட் ஆலைக்கு வெல்டர்கள் கைவிரலில் எண்ணுகிற அளவுக்குப் போதும். எலக்ட்ரீஷியன் வேண்டும், கருவிகளைப் பார்த்துக்கொள்கிற இன்ஸ்ட்ருமெண்ட் மெக்கானிக் வேண்டும், மீதியை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து நாலு பேர் ஓட்டிவிடுவார்கள்.

இதை நான் எங்கள் முதல்வரிடம் சொன்னேன். அவரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், வெள்ளைச் சட்டை, மெல்லிய குரல். நான் பார்த்த வரைக்கும் யாரையும் அதட்டியதில்லை. யாருக்கும் "முடியாது" என்று சொன்னதும் இல்லை. அவர் மேசை மேல் ஒரு டேபிள் ஃபேன் இருக்கும், எப்போதும் அவர் முகத்துக்கு நேராக ஓடும். நாம் ஒரு கோரிக்கையோடு போய் உட்கார்ந்து பேச ஆரம்பித்ததும், பாதியில் கையை நீட்டி அந்த ஃபேனை நம் பக்கம் திருப்பி வைப்பார். "வெயில்ல வந்திருக்கீங்க சார்" என்பார். அவ்வளவுதான், நம் காரியம் முடிந்தது என்று அர்த்தம். புதிதாக வந்தவர்கள் என்ன மரியாதை என்று நெகிழ்ந்துபோவார்கள். எங்களுக்குத் தெரியும், காற்று வந்தால் வேலை ஆகாது.

நிலம் கொடுத்த வீட்டு ஆட்களுக்காக எங்கள் ஐ.டி.ஐ.யில் ஆறு மாத சிறப்பு வகுப்பு நடத்த ஆலை கேட்டிருந்தது. வெல்டிங் ராடும் தகடும் அவர்கள் செலவு. எந்த டிரேடில் எத்தனை பேர் என்று முதல்வர்தான் முடிவு செய்ய வேண்டும்.

"வெல்டர்ல கொஞ்சம் பேரை மட்டும் எடுத்துக்கலாம் சார். மத்தவங்கள எலக்ட்ரிகல், இன்ஸ்ட்ருமெண்ட்ல போடுங்க. கட்டி முடிச்சதும் வெல்டருக்கு அங்க வேலை இருக்காது" என்றேன்.

"எல்லாரும் வெல்டர்தானே சார் கேக்கறாங்க. டிமாண்ட் இருக்கறத நாம எப்படி மறுக்க முடியும்?"

"டிமாண்ட் ஊர்ல இருக்கு சார். ஆலையில இல்ல."

ஃபேன் என் பக்கம் திரும்பியது. நான் எழுந்து வந்துவிட்டேன்.

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆட்களைக் கூட்டி யார் யாருக்கு எந்த டிரேடு என்று கேட்டபோது நானும் போயிருந்தேன். இருக்கிற மற்ற டிரேடுகளைப் பற்றித் தொண்டை வற்ற எடுத்துச் சொன்னேன். "ஏன் சார், எங்களுக்குக் குடுக்க ஒங்களுக்கு மனசு வரலியா?" என்று ஒருவர் கேட்டார். நல்லது சொல்லப் போய்ப் பொறாமைக்காரன் பட்டம் வாங்கியதுதான் மிச்சம். ஏறக்குறைய எல்லா வீடும் வெல்டர் என்றே சொன்னது.

அங்கே இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. வேலைக்கு வீட்டில் யாரை வேண்டுமானாலும் சொல்லலாம், மகன், தம்பி, மருமகன். ஆண்பிள்ளை இல்லாத வீடுகளில் அவசர அவசரமாகப் பெண்ணுக்குக் கல்யாணம் பேசினார்கள். நகை இவ்வளவு, பாத்திரம் இவ்வளவு என்பதோடு ஆலை வேலையும் சீரில் சேர்ந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் பெண்ணைப் பார்க்க வரும்போது ஆலை எவ்வளவு கட்டியிருக்கிறது என்று ஒரு எட்டு பார்த்துவிட்டு வந்தார்கள்.

தங்கராசுவை அங்கேதான் முதலில் பார்த்தேன். நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்த ஆள், என் வயதுதான். மூன்றும் பெண்கள். மூத்தவள் கலைச்செல்வி பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். தங்கராசுவின் மனைவி அஞ்சலையின் தம்பிக்கு அவளைக் கட்டிவைத்து, அவன் பெயரை வேலைக்குக் கொடுத்துவிடலாம் என்று வீட்டில் எல்லோரும் பேசி முடித்தே விட்டிருந்தார்கள். தாய்மாமன், முறைதான், ஊரில் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

அவர் முறை வந்ததும் எழுந்து நின்றார். "எம் பேரையே போட்டுக்குங்க. தங்கராசு. வெல்டர்" என்றார்.

கூட்டத்தில் சிரிப்பு. "யோவ், மச்சான் பேரச் சொல்லு" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

"பொண்ணு படிக்கறன்னு சொல்லுது. படிக்கட்டும். நெலம் நான் குடுத்தது, வேலைக்கு நான் போறேன்" என்றார். எனக்கு அவரைப் பார்த்ததும் பிடித்துப்போனது, கவலையும் வந்தது. தேர்வு நடக்கும் நாள் வரை பெயரை மாற்றிக்கொள்ளலாம் என்று ஆலை சொல்லியிருந்தது. ஆக, அவருக்கு வெல்டிங் வந்தால் அந்தப் பெண் பள்ளிக்கூடம் போகும். வராவிட்டால் கல்யாணம்.

வராது போலத்தான் இருந்தது. முதல் நாள் வேட்டியோடு வந்தார். பொறி பட்டு வேட்டி பற்றும் என்று திருப்பி அனுப்பினேன். மறுநாள் யாருடையதோ பேண்ட், இடுப்பில் கயிறு கட்டி இறுக்கியிருந்தார். கூட இருந்தவர்கள் எல்லாம் மீசை முளைத்துக்கொண்டிருக்கும் பயல்கள், அவரைப் "பெருசு" என்று கூப்பிட்டார்கள். அவரும் "என்னங்க சிறுசு" என்று பதில் சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார். முதல் வாரமே, கையில் பிடித்து முகத்தை மறைக்கிற ஷீல்டு இல்லாமல் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டுக் கண் வீங்கி, மண் அள்ளிப் போட்டது மாதிரி இருக்கிறது என்று தவித்தார். லீவு மட்டும் போடவில்லை.

வெல்டிங்கில் பார்க்க வேண்டியது வெளிச்சத்தை இல்லை. கறுப்புக் கண்ணாடி வழியாக, ராடின் நுனிக்குக் கீழே உருகி நிற்கும் இரும்புக் குழம்பைப் பார்க்க வேண்டும். அதுதான் நமக்கு வழி சொல்லும். தங்கராசு போட்ட கோடு புழு ஊர்ந்த மாதிரி அங்கும் இங்கும் போனது. கை நடுங்கவில்லை, ஏர் பிடித்த கை அது. பிறகு ஏன் இப்படி என்று எனக்குக் குழப்பம். ஒருநாள் பேப்பரை நீட்டிப் படிக்கச் சொன்னேன். கையை முழுக்க நீட்டி எட்டப் பிடித்துப் படித்தார். வெள்ளெழுத்து. கிட்டே இருப்பது தெரியவில்லை, அதுவும் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் சுத்தமாகத் தெரியவில்லை.

"கண்ணாடி போட்டுக்குங்க" என்றேன்.

"போட்டா மெடிக்கல்ல தள்ளிட மாட்டாங்களா வாத்தியாரே?"

அவர் பயம் நியாயமானதுதான். அரியலூர் கடைத்தெருவில் படிக்கிற கண்ணாடி ஒன்று வாங்கி, அதன் வில்லையைக் கழற்றி, அவர் ஷீல்டுக்கு உள்பக்கம் கறுப்புக் கண்ணாடியோடு சேர்த்துப் பொருத்திக் கொடுத்தேன். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதைப் பிடித்துக்கொண்டு ஒரு கோடு போட்டார். ஷீல்டை இறக்கிவிட்டு என்னைப் பார்த்து, "இத்தன நாளு இதயா எல்லாரும் பாத்துக்கிட்டு இருந்தீங்க?" என்று கேட்டார். அன்றிலிருந்து கோடு நேராகப் போக ஆரம்பித்தது.

அப்போதுதான் ஆலையிலிருந்து தேர்வு பற்றித் தகவல் வந்தது. பைப் வெல்டிங் தேர்வு. பைப்பைச் சாய்வாகக் கட்டிவிடுவார்கள், அதைத் திருப்பக் கூடாது. வெல்டர்தான் குனிந்து, நிமிர்ந்து, கீழே படுத்து, சுற்றிச் சுற்றிப் போட வேண்டும். பாய்லர் வேலைக்கு வைக்கிற தேர்வு அது. நானே திருச்சியில் இரண்டாம் முறைதான் தேறினேன். ஆறு மாதம் தட்டையான தகட்டில் பழகிய ஆட்களுக்கு அதை வைக்கிறார்கள் என்றால் என்ன அர்த்தம்? ஆட்களைத் தள்ள வேண்டும், தள்ளியது தேர்வாக இருக்க வேண்டும், தாங்களாக இருக்கக் கூடாது.

முதல்வரை இழுத்துக்கொண்டு ஆலைக்குப் போனேன். ஆட்களை எடுக்கிற பிரிவு அதிகாரி எங்களுக்கு டீ வரவழைத்தார்.

"சார், ஒங்க ஆலையில அழுத்தம் தாங்கற பைப்பு எங்க இருக்கு? எனக்கு ஒண்ணு காட்டுங்க. ஒங்களுக்கு வேண்டியது கல்லு உடைக்கற மெஷினோட சுத்தியல் தேஞ்சா அதுல இரும்பு ஏத்தறது, தகடு ஓட்டையானா அடைக்கறது. அத வச்சு டெஸ்ட் பண்ணுங்க" என்றேன்.

"இது கம்பெனி ஸ்டாண்டர்டு சார். எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றார் அதிகாரி.

"எந்த வேலைக்கு ஆள் எடுக்கறீங்களோ அந்த வேலைக்குத்தானே டெஸ்ட் வைக்கணும்?"

முதல்வர் என் முழங்கையைத் தொட்டார். "சார் கொஞ்சம் உணர்ச்சிவசப்படுவார்" என்று அதிகாரியிடம் சொன்னார். அங்கே ஃபேன் இல்லை, ஏ.சி. இருந்தது. ஃபேன் இருந்திருந்தால் அதையும் திருப்பியிருப்பார்.

சரி, பைப் என்றால் பைப். ஆனால் எங்களிடம் பழக பைப் இல்லை, வாங்கக் கேட்டால் காற்று வரும். பெரம்பலூரில் போர்வெல் லாரிக்காரர் ஒருவரைத் தெரியும். போர் போடும்போது மண் சரியாமல் இறக்குகிற கேசிங் பைப் வெட்டித் துண்டு துண்டாக அவர் ஷெட்டில் கிடந்தது. நமக்குக் கிடைத்தது அதுதான் என்று வண்டி பிடித்து ஏற்றி வந்தோம். துருவைத் தேய்த்து, விளிம்பைச் சரித்து, பெஞ்சில் சாய்வாகக் கட்டினேன். காலையில் வழக்கமான வகுப்பு, மதியத்துக்கு மேல் பைப். பயல்களில் பாதிப் பேர் ஒரு வாரத்தில் சலித்துப்போய், கட்டுமானக் காண்ட்ராக்டரிடம் நல்ல கூலி என்று போய்விட்டார்கள். தங்கராசு தரையில் சாக்கை விரித்துப் படுத்து, மேலே பார்த்தபடி போட்டுக்கொண்டிருந்தார். பொறி கழுத்துக்குள் விழும். தட்டிவிட்டுக்கொண்டு மறுபடி படுப்பார்.

"சத்தத்தக் கேளுங்க" என்பேன். "அப்பளம் பொரியற மாதிரி ஒரே சீரா வரணும். படபடன்னா ராடு எட்டப் போயிடுச்சு. அமுங்குனா ஒட்டப் போவுது."

ஒருநாள் அஞ்சலை பட்டறை வாசலில் வந்து நின்றது. களை எடுத்த கையோடு வந்திருந்தது, முந்தானையில் மண். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"அவருக்கு வருமா சார்? நெசத்தச் சொல்லுங்க. வராதுன்னா சொல்லிடுங்க, தம்பி பேரப் போட்டு தையில கல்யாணத்த முடிச்சுடறோம். அவரு தோத்துட்டா வேலையும் போயி, நெலமும் போயி, மூணு பொட்டப்புள்ளைய வச்சுக்கிட்டு நான் என்னா பண்ணுவேன்?"

அது கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. அன்றைக்குக் காலையில்தான், தேர்வில் செய்வது போலவே, அவர் போட்ட பைப்பிலிருந்து ஒரு பட்டை வெட்டி வளைத்துப் பார்த்திருந்தேன், உள்பக்கம் விரிசல் விட்டது. அதைப் பெஞ்சின் அடியில் தள்ளி வைத்திருந்தேன்.

"இந்த மாசம் போவட்டும்மா. அதுக்கப்புறம் நானே வூட்டுக்கு வந்து சொல்றேன்" என்றேன்.

"நீங்க சொல்றத வச்சுத்தான் சார்" என்று போய்விட்டது. அந்த ஒரு மாதம் நான் சரியாகச் சாப்பிடவில்லை. என் சொந்தப் பிள்ளைகளின் பரீட்சைக்குக்கூட நான் அப்படிப் பயந்ததில்லை. மாதக் கடைசியில் அவர் போட்ட பட்டையை வளைத்தேன். கொண்டை ஊசி மாதிரி மடங்கியது, கீறல் விடவில்லை. இன்னொன்று வெட்டினேன், அதுவும் மடங்கியது. பேச்சுப்படி அவர்கள் வீட்டுக்குப் போய் அஞ்சலையிடம் பட்டையைக் கொடுத்து, "இதப் பாரும்மா, ஒடையல" என்றேன். அதற்கு அதில் என்ன புரிந்ததோ தெரியாது, வாங்கிச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தது.

தேர்வுக்குத் திருச்சியிலிருந்து ஒரு பரிசோதகரை அழைத்திருந்தார்கள். நாங்கள் போய்ப் பார்த்தால், ஷீல்டு ஆலையே கொடுக்கும், சொந்த ஷீல்டு கூடாது என்றார் அதிகாரி. வில்லை இல்லாத ஷீல்டைக் கொடுத்தால் தங்கராசு குருடர். அத்தனை பேர் முன்னால் கத்திவிட்டேன். "தச்சன் அவன் உளியக் கொண்டாந்தா வேணாம்பீங்களா?" என்றேன். பரிசோதகர் எழுந்து வந்து தங்கராசுவின் கையிலிருந்த ஷீல்டை வாங்கினார். உள்பக்கம் திருப்பி, கண்ணாடியின் மேல் விரலால் தடவிப் பார்த்தார். உள்ளே வில்லை இருப்பது அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்கும் தெரிந்துவிட்டது. அவர் ஷீல்டைத் தங்கராசுவிடமே கொடுத்துவிட்டு, "ஆரம்பிங்க" என்றார்.

அந்த மனிதரை அதன் பிறகு நான் பார்க்கவில்லை. இத்தனை வருஷ உத்தியோகத்தில் தனக்குக் கொடுத்த வேலையை மட்டும் நேர்மையாகச் செய்த அதிகாரிகளில் அவர் ஒருவர். தங்கராசு போட்ட பைப்பை வெட்டி வளைத்தார்கள். விரிசல் இல்லை. தேறியவர்கள் சொற்பம், அதில் அவர் ஒருவர்.

தையில் கல்யாணம் நடக்கவில்லை. கலைச்செல்வி பதினொன்றாவது சேர்ந்தாள்.

சந்தோஷப்படத்தான் செய்தோம். முட்டாள்கள். தேறியவர்களைக் கூப்பிட்டு, "ஆலை ஓட ஆரம்பிச்சதும் வேலைக்கு ஆர்டர் வரும். அதுவரைக்கும் காண்ட்ராக்டர் கீழ வேலை பாருங்க" என்றார்கள். ஆலை ஓட ஆரம்பித்தது. சூளை பற்றவைத்த மறுமாதமே உயரத்தில் தெரிந்த வெளிச்சமெல்லாம் அணைந்துபோனது. தேறியவர்கள் உட்பட வெல்டர்களுக்குக் கணக்கு முடித்து அனுப்பினார்கள். எங்களிடம் படித்த பயல்கள் சிலர் வெளிநாட்டுக்குப் போனார்கள், சிலர் கேட் கிரில் பட்டறை வைத்தார்கள், பலர் திருப்பூருக்கு பஸ் ஏறினார்கள். தேர்வில் தவறியவர்களுக்கு வாக்கும் முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். மருமகனுக்கு வேலை என்று கட்டிக்கொடுத்த பெண்கள் சிலர் பிறந்த வீட்டுக்கே வந்து உட்கார்ந்தார்கள். யாரைக் கேட்பது? நெருப்புப் பொறியையா?

தங்கராசுவை மட்டும் அனுப்பவில்லை. கல் உடைக்கிற சுத்தியல்களில் இரும்பு ஏற்றும் வேலை அவருக்கு. ஆர்டர் வரும் என்றார்கள். வரவில்லை. காண்ட்ராக்டர் மாறினார், மறுபடி மாறினார், தங்கராசு மாறவில்லை. போனஸ் காலத்தில் ஆலையின் ஆட்களுக்கு இனிப்பு கொடுக்கும்போது இவர் ஓரமாக நிற்பார். பார்க்கும்போதெல்லாம் "ஆர்டர் என்னாச்சு?" என்பேன். "சுத்தியலு தேஞ்சுக்கிட்டே இருக்கு வாத்தியாரே, நான் ஏத்திக்கிட்டே இருக்கேன்" என்பார்.

பிறகு ஆலைக்குப் பக்கத்திலேயே இரண்டாவது சூளை கட்ட ஆரம்பித்தார்கள். மறுபடி உயரத்தில் வெளிச்சம், மறுபடி பஸ்ஸில் தலைகள் திரும்பின. பேப்பரில் எல்லாம் சிமெண்ட் வளரும் துறை என்று எழுதினார்கள். பொய் இல்லை. மூட்டை பல மடங்கானது, லாரி வரிசை மெயின் ரோடு வரை நின்றது. உள்ளே இருந்த நிரந்தர ஆட்கள் மட்டும் குறைந்துகொண்டே வந்தார்கள். துறை வளர்கிறது என்றால் அதற்குள் இருக்கிறவனும் வளர்கிறான் என்று எந்த மடையன் சொன்னது? எங்கள் முதல்வர் வெல்டர் டிரேடில் இன்னொரு ஷிப்ட் தொடங்கலாம் என்று என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். நான் உட்காரவே இல்லை. நின்றபடியே, முதல் சூளையில் நடந்ததை எல்லாம் சொல்லி, ஊருக்குள் வந்து அந்தப் பெண்களின் முகத்தைப் பார்த்துவிட்டு ஷிப்ட் தொடங்குங்கள் என்றேன். ஃபேன் எனக்கு நேராகத் திரும்பியது. கொஞ்ச நாளில் என்னைப் பெரம்பலூர்ப் பக்கம் மாற்றினார்கள். ஷிப்ட் தொடங்கியது.

இரண்டாயிரத்து ஏழில் என்று நினைவு. கலைச்செல்வி அதற்குள் கெமிஸ்ட்ரியில் எம்.எஸ்ஸி. முடித்து, ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தது. புது சூளைக்காக ஆலையின் லேபில் ஆள் எடுக்கிறார்கள், அதற்குக் கேட்டதும் கெமிஸ்ட்ரிதான். விண்ணப்பம் போட்டது, கூப்பிட்டார்கள், கேள்விகளுக்கு நன்றாகவே பதில் சொல்லியிருந்தது. பிறகு தகவலே இல்லை. நிலம் கொடுத்த வீடு என்று நேரில் ஒரு வார்த்தை சொல்லிப் பார்க்கலாம் என்று தங்கராசு என்னையும் வரச் சொன்னார். மூன்று பேரும் போனோம். அதே அறை, வேறு அதிகாரி, வயதில் சின்னவர்.

கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தார். "மேடம் நல்லா பண்ணியிருக்காங்க. ஆனா இந்த போஸ்ட்ட நெலம் குடுத்தவங்க கோட்டாவுல வச்சிருக்கோம். ஒங்க குடும்பத்துக்குத்தான் ஏற்கெனவே வேலை குடுத்தாச்சே" என்றார்.

"யாருக்கு?" என்றேன் நான்.

"தங்கராசு. வெல்டர்" என்று திரையைப் பார்த்துப் படித்தார்.

தங்கராசுவுக்கு அது புரியக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு எழுந்து நின்றார். பள்ளிக்கூடத்தில் அன்றைக்கு நின்ற அதே ஆள், தலை மட்டும் வெளுத்திருந்தது.

"அப்ப நான் இன்னிக்கே நின்னுக்கறேன் சார். எம் பேர எடுத்துட்டு எம் பொண்ணு பேரப் போட்டுக்குங்க" என்றார்.

அதிகாரி கேலி செய்யவில்லை. உண்மையாகவே விளக்குகிற மாதிரிதான் சொன்னார். "நீங்க எங்ககிட்ட எப்படிங்க ராஜினாமா பண்ண முடியும்? நீங்க எங்க ஆள் இல்லியே. காண்ட்ராக்டர் ஆளாச்சே."

நான் மேசையைத் தட்டிக் கத்த ஆரம்பித்தேன். என்ன சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. கலைச்செல்வி என் கையைப் பிடித்து உட்காரவைத்தது.

"எங்க வூட்டு வேலைய எங்களுக்குக் குடுத்தாச்சுங்கறீங்க. எங்கப்பா அதுல இல்லங்கறீங்க. அப்ப அந்த வேலையில யாரு சார் இருக்கா?" என்று கேட்டது.

அதிகாரி திரையை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு மணியை அடித்து, வெளியே காத்திருந்த அடுத்த ஆளை உள்ளே விடச் சொன்னார்.